மரத்தடி வெறுந்தரைக்கு எந்தச் செடி? இடம் பார்ப்போம், பிறகு நடுவோம்



இந்த மாதப் பாடம் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றியது. உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரமோ, மாமரமோ, புளியமரமோ இருக்கும். அதன் அடியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. காலையில் கூட்டிய விளக்குமாற்றுக் கோடுகள் இருக்கும். ஓரத்தில் சருகு எரித்த சாம்பல் இருக்கும். "அங்க என்ன வச்சாலும் வராது, வெயிலும் இல்ல, ஈரமும் இல்ல" என்று நாமே தள்ளி வைத்த இடம் அது.

நிலம் இல்லாத நம் உறுப்பினர்கள் பலருக்குச் சொந்தமாக இருப்பது வீட்டுமனை 2 சென்ட், 3 சென்ட் மட்டும்தான். அதில் மரத்து நிழல் விழும் இடமே பாதி. அந்தப் பாதியை வீண் என்று விட்டுவிட்டால் மிச்சம் எவ்வளவு? அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். அதிலிருந்துதான் இந்தப் பாடமே பிறந்தது.

எங்கள் தவறு

சில ஆண்டுகளுக்கு முன்னால் புதுக்கோட்டை பக்கம் ஒரு செம்மண் கிராமத்தில், ஒரு குழுவில் இருந்த எல்லா வீட்டுக்கும் வல்லாரை நாற்றும் பொன்னாங்கண்ணிக் குச்சியும் கொடுத்தோம். நல்ல கீரைகள்தானே, நிழலில் வரும்தானே என்று நினைத்தோம். கொடுத்தது மாசி மாதக் கடைசியில். மரத்தடியில் நடச் சொன்னோம். சித்திரையில் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் காய்ந்து கிடந்தது. நாங்கள் பதிவேட்டில் என்ன எழுதினோம் தெரியுமா? "உறுப்பினர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று எழுதினோம்.

அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, நீங்க குடுத்தது நல்ல செடிதான். ஆனா அது வாய்க்கா ஓரத்துச் செடி. அத வேப்பமரத்துக்கு அடியில வைக்கச் சொன்னீங்க. அரை மைல் நடந்து குடத்துல தண்ணி தூக்கி ஊத்துனோம். மரமே அதையும் குடிச்சிருச்சு. பராமரிக்கலன்னு எழுதியிருக்கீங்களே, எங்க இடுப்பக் கேட்டுப் பாருங்க" என்றார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கூட்டத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு நாளைக்கு 2 குடம் என்றால் 60 நாளைக்கு 120 குடம். குடத்துக்கு 15 லிட்டர் வைத்தாலும் 1,800 லிட்டர். இவ்வளவையும் சுமந்தது பெண்கள்தான். கிடைத்தது ஒரு கைப்பிடிக் கீரைகூட இல்லை.

பிழைத்த அந்த ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தோம். அங்கே மட்டும் துவைக்கிற கல்லிலிருந்து அலசிய தண்ணீர் ஓடி வந்து பாயும் இடத்தில் வல்லாரையை வைத்திருந்தார்கள். அதே வீட்டின் வேப்பமரத்தடியில் பிரண்டையும் கற்பூரவள்ளியும் செழிப்பாக இருந்தன. அவை நாங்கள் கொடுத்தவை அல்ல. அந்த அம்மா தன் அம்மா வீட்டிலிருந்து ஒடித்து வந்து வைத்தவை. தண்ணீர் எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்டோம். "ஞாபகம் வந்தா ஒரு செம்பு ஊத்துவேன்" என்றார்.

பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "இடம் பார்க்காமல் செடி கொடுத்தோம்" என்று திருத்தி எழுதினோம். இந்தப் பாடத்தின் சாரம் அந்த ஒரு வரிதான். நல்ல செடி, கெட்ட செடி என்று எதுவும் இல்லை. இடத்துக்கு ஏற்ற செடி, இடத்துக்கு ஏற்காத செடி என்றுதான் உண்டு. ஏற்காத செடியை வைத்தால் அதன் சுமை பெண்ணின் தலையில்தான் ஏறும்.

மரத்தடி ஏன் காய்ந்து கிடக்கிறது?

நிழல் இருந்தால் ஈரம் இருக்கும் என்றுதான் நினைக்கிறோம். மரத்தடியில் அப்படி இல்லை. மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று: சிறு தூறல் விழுந்தால் அது இலையிலேயே தங்கிக் காய்ந்து விடும். பெரிய மழை பெய்தால்தான் தண்ணீர் தரைக்கு வரும்.

இரண்டு: மரத்தின் வேர் கீழே மட்டும்தான் போகிறது என்று நினைக்காதீர்கள். தண்ணீரை உறிஞ்சும் சல்லி வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், முதல் இரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீரை முதலில் குடிப்பது மரம்தான்.

மூன்று: இது நாம் செய்வது. தினமும் சருகைக் கூட்டி எரிக்கிறோம். சருகு கிடந்தால் மண் ஈரத்தைக் காக்கும், மக்கி எருவாகும். அதை எடுத்துவிட்டால் மண் இறுகிப் போகிறது. மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறது. பழைய மரத்தடியில் வேர் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை மண் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆகவே தரையை மூடிப் படரும் செடி நமக்குத் தேவை. அது மண்ணைப் பிடிக்கும், சூட்டைக் குறைக்கும், மழைத்தண்ணீரை நிறுத்தி உள்ளே இறக்கும். இதில் பெரிய வருமானம் வரும் என்று சொல்ல மாட்டோம். துவையலுக்கும் கஷாயத்துக்கும் கடைக்கு ஓடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். இதற்காகக் குழுவில் கடன் எடுக்க வேண்டாம்.

நடுவதற்கு முன் மூன்று சோதனைகள்

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். இடம் தெரியாமல் செடியும் வைக்கக் கூடாது. இந்தச் சோதனைகளுக்குக் காசு செலவில்லை.

1. வெயில் சோதனை: காலை 10 மணி, மதியம் 12 மணி, மாலை 3 மணி என மூன்று வேளை மரத்தடியைப் பாருங்கள். தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறதா? அது அரை நிழல். வேம்பு, முருங்கை, தென்னை அடியில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மூன்று வேளையும் வெயில் துளிகூட விழவில்லையா? அது முழு நிழல். அடர்ந்த மாமரம், பெரிய புளியமரத்தின் அடி இப்படி இருக்கும்.

2. ஈரச் சோதனை: நல்ல மழை பெய்து மூன்று நாள் கழித்து, ஒரு விரல் ஆழம் தோண்டி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் தங்கும் இடம். பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்த இடம்.

3. கால் சோதனை: அந்த இடத்தில் யார் நடக்கிறார்கள்? ஆடு கட்டுகிறீர்களா? கோழி கிளறுகிறதா? பிள்ளைகள் விளையாடுகிறார்களா? ஆடு கட்டும் இடத்தில் எந்தச் செடியும் நிற்காது. முதலில் ஆட்டுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், அல்லது முள் வைத்து அடைக்க வேண்டும்.

எந்த இடத்துக்கு எது?

அ. காய்ந்த அரை நிழல் (வேம்பு, முருங்கை, பூவரசு அடி)

பிரண்டை: நம் வறண்ட மண்ணுக்கே பிறந்தது. இரண்டு மூன்று கணு உள்ள துண்டாக ஒடித்து, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் போட்டு, பிறகு நடுங்கள். தரையிலும் படரும், கிடைத்ததைப் பிடித்து ஏறவும் செய்யும். மரத்தில் ஏறாமல் அவ்வப்போது ஒடித்து விடுங்கள். ஒடித்தது துவையலுக்கு ஆச்சு. கை அரிக்கும் என்பதால் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள்.

கற்பூரவள்ளி: சில ஊரில் ஓமவல்லி என்பார்கள். ஒரு சாண் குச்சி ஒடித்து நட்டால் போதும். படர்ந்து தரையை நன்றாக மூடும். பிள்ளைகளுக்குச் சளி என்றால் நம் பாட்டிமார் தேடுவது இதைத்தான். பஜ்ஜியும் போடலாம். தண்ணீர் குறைந்தால் தாங்கும், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் பாசமாக அதிகம் ஊற்ற வேண்டாம்.

சோற்றுக்கற்றாழை: மரநிழலின் ஓரத்தில், கொஞ்சம் வெயில் படும் இடத்தில் வையுங்கள். பக்கக் கன்று தானே பெருகும்.

நன்னாரி: காட்டில் புதர் அடியில் தானாக வளர்வது. மெல்லிய கொடி, தரையை முழுதாக மூடாது. மற்றச் செடிகளுக்கு நடுவில் விடலாம். வேர் பெருக ஆண்டுகள் ஆகும், அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

ஆ. காய்ந்த முழு நிழல் (அடர்ந்த மாமரம், புளியமரம் அடி)

இதுதான் கஷ்டமான இடம். இங்கே எல்லாம் வரும் என்று ஆசை காட்ட மாட்டோம்.

மருள்: கத்தி போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலை. அதன் நாரில் அந்தக் காலத்தில் கயிறு திரித்தார்கள். நர்சரியில் பாம்புக் கற்றாழை என்று தொட்டியில் விற்பதும் இதன் இனம்தான். கிழங்கைப் பிரித்து நட்டால் போதும். இது சாப்பிடும் செடி அல்ல, பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

மருளும் பிடிக்கவில்லையா? அங்கே செடியே வைக்க வேண்டாம். அந்த மரத்தின் சருகையே மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி விடுங்கள். சருகும் ஒரு போர்வைதான். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு முழம் விட்டுப் பரப்புங்கள்.

இ. மழையோடு வந்து வெயிலோடு போகிறவை

கீழாநெல்லி மழைக்குத் தானாக முளைக்கும். நிலவேம்பு விதையை ஒரு தடவை தூவினால், மறு ஆண்டு அதுவே விதை உதிர்ந்து முளைக்கும். கோடையில் காய்ந்தாலும் கவலை வேண்டாம். காய்ந்த தட்டை தரையிலேயே விட்டால் அதுவும் மண்ணுக்குப் போர்வை. களை என்று எல்லாவற்றையும் கொத்தி எறிவதற்கு முன் எது எது என்று பாருங்கள். நம் குழுவில் இருக்கும் வயதான அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மூலிகை வைத்திருப்பது நல்லது, ஆனால் அது மருத்துவர் அல்ல. கர்ப்பிணிகளும், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் குடிக்க வேண்டாம்.

ஈ. ஈரம் உள்ள நிழல் (தண்ணீர்க் குழாய், துவைக்கிற கல் பக்கம்)

வல்லாரை, பொன்னாங்கண்ணி, சேம்பு, சேனை, மஞ்சள், வெற்றிலை எல்லாம் இங்கேதான் வரவேண்டும். இவற்றை மரத்தடிக் காய்ந்த மண்ணில் வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் பாயும் இடத்தில் பச்சையாகச் சாப்பிடும் இலையை வைக்க வேண்டாம். அங்கே வேகவைத்துச் சாப்பிடும் சேம்பு, சேனை, அல்லது வாழை வையுங்கள். வல்லாரையைக் குழாயடியில் சொட்டும் நல்ல தண்ணீர்ப் பக்கம் வையுங்கள்.

எதை வைக்க வேண்டாம்?

அருகம்புல் வெயில் கேட்கும் செடி. மரத்தடி நிழலில் சோகை பிடித்துப் போய்விடும்.

சில நர்சரிகளில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு படர்செடியை "எங்கும் வரும்" என்று சொல்லி விற்கிறார்கள். வெடிலியா என்பது பெயர். எங்கும் வரும் என்பது உண்மைதான், அதுதான் ஆபத்தும். கணுவுக்குக் கணு வேர்விட்டு, வாய்க்கால், வயல்வரப்பு வரை போய் மற்றச் செடிகளை அமுக்கிவிடும். உலகத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. அதே பட்டியலில் நம் ஊர் உண்ணிச்செடியும் இருக்கிறது. உண்ணிச்செடி இலையைத் தின்றால் ஆடு மாட்டுக்கு ஈரல் கெடும்.

நடும் முறை

காலம்: ஐப்பசியில் முதல் நல்ல மழை இரண்டு பெய்து மண் நனைந்த பிறகு. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அந்த மழையில் வேர் பிடித்தால்தான் செடி கோடையைத் தாண்டும். மாசியில் நட்டு நாங்கள் பட்டது போதும்.

குழி: மரத்தைச் சுற்றி மொத்தமாகக் கொத்தக் கூடாது. வேருக்கும் வேருக்கும் நடுவில் இடம் பார்த்து, ஒரு சாண் ஆழக் குழி தனித்தனியாக எடுங்கள். கட்டைவிரல் கனமுள்ள வேர் வந்தால் வெட்டாமல், குழியைத் தள்ளி எடுங்கள். மரம் பட்டால் நிழலும் போய்விடும். குழியில் பாதி மக்கிய எரு, பாதி மண் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடை கட்ட வேண்டாம், பட்டை அழுகும்.

இடைவெளி: ஒன்றரை அடிக்கு ஒன்று. 10 அடிக்கு 10 அடி இடத்துக்குச் சுமார் 45 குச்சி வேண்டும். அத்தனையையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். முதல் ஆண்டு 10, 15 குச்சி வையுங்கள். அதிலிருந்தே ஒடித்து மறு ஆண்டு மிச்ச இடத்தை நிரப்புங்கள்.

தண்ணீர்: முதல் கோடைக்கு மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை, செடிக்கு ஒரு செம்பு, சாயங்கால வேளையில். சுற்றிலும் சருகு மூடியிருக்க வேண்டும். ஒரு முழுக் கோடையைத் தாண்டிய பிரண்டையும் மருளும் பிறகு உங்களைக் கேட்காது. அதற்கு மேலும் தினமும் குடம் தூக்க வேண்டியிருந்தால், அந்த இடத்துக்கு அந்தச் செடி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

"பூச்சி பொட்டு அண்டுமே?"

எல்லாக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. நியாயமான பயம். கூட்டி வைத்த தரையில் பாம்பும் தேளும் கண்ணுக்குத் தெரியும், செடிக்குள் தெரியாது. விரியன் சருகுக்குள் கிடக்கும். அதனால்தான் நம் அம்மாக்கள் வாசலைக் கூட்டி வைத்தார்கள். அதை நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆகவே இப்படிச் செய்வோம். முன்வாசல் வழக்கம்போல் கூட்டிய தரையாகவே இருக்கட்டும். வீட்டுச் சுவரைச் சுற்றி 3 அடிக்குச் செடியும் வேண்டாம், சருகும் வேண்டாம். கழிப்பறைக்கும் குழாய்க்கும் போகும் பாதை 3 அடி அகலம் சுத்தமாக இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் வளர்ந்தால் ஒடித்து விடுங்கள். சருகை அள்ளும்போது முதலில் குச்சியால் தட்டுங்கள், நேரே கையை விடாதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் போக வேண்டாம். சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று சொல்வார்கள், அதை நம்பி இருந்துவிட வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால் பச்சிலை தேடி நேரத்தைப் போக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை வீட்டுக் கொல்லையில் மரத்தடி வெறுந்தரையாக இருக்கிறது? அரை நிழலா, முழு நிழலா?
2. யார் வீட்டில் பிரண்டை, கற்பூரவள்ளி, மருள் இருக்கிறது? எத்தனை பேருக்குக் குச்சி தர முடியும்?
3. சென்ற கோடையில் தண்ணீர் ஊற்றாமலே பிழைத்த செடி எது? அது எந்த இடத்தில் இருந்தது?
4. இலவசமாக வந்த நாற்று எது எது காய்ந்தது? ஏன்?

நான்காவது கேள்வியைக் கூச்சப்படாமல் பேசுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். இனி எங்களைப் போல யாராவது நாற்றுக் கட்டோடு வந்து இறங்கினால், கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்: "இது எந்த இடத்துச் செடி? வாரத்துக்கு எத்தனை குடம் கேக்கும்? தண்ணி யார் தூக்கறது?" இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

எங்களுக்கு அன்று பாடம் சொன்ன அந்த மூத்த உறுப்பினர் வீட்டு வேப்பமரத்தடி இப்போது பச்சையாக இருக்கிறது. அங்கிருந்து ஒடித்த பிரண்டைதான் அந்தக் குழுவில் பல வீடுகளுக்குப் போயிருக்கிறது. போன ஐப்பசியில் எங்களுக்கும் ஒரு கட்டு கொடுத்தார். "இந்தாங்க, ஆபீஸ் மரத்தடியில வைங்க. தண்ணி ரொம்ப ஊத்திறாதீங்க" என்றார்.

வைத்தோம். பிழைத்துக்கொண்டது.